உங்கள் கணக்குக் கோப்பு எங்கே இருக்கிறது?

மருந்துக்கடையிலோ இரும்புக்கடையிலோ கல்லாவுக்குப் பக்கத்தில் ஓடும் பில்லிங் மென்பொருளில் பில், சரக்கிருப்பு, வாடிக்கையாளர் பாக்கி என்று தனித்தனித் திரைகள் வருகின்றன. அவை அனைத்துக்கும் அடியில், ஹார்ட் டிஸ்க்கின் ஏதோ ஒரு ஃபோல்டரில், பல மென்பொருள்களில் ஒரே ஒரு கோப்புதான் இருக்கிறது. அப்படி ஒற்றைக் கோப்பில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் தரவுத்தளங்களில் உலகில் அதிகம் புழங்குவது எஸ்க்யூலைட். அமெரிக்கக் கடற்படையின் ஒரு போர்க்கப்பலுக்கான மென்பொருள் வேலையில், தனி சர்வர் இல்லாமலே இயங்கும் தரவுத்தளம் வேண்டும் என்ற தேவையிலிருந்து ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டில் இதை எழுதத் தொடங்கினார். காப்புரிமை ஏதுமின்றி அதைப் பொதுச்சொத்தாகவே விட்டுவிட்டார். இன்று ஆண்ட்ராய்டு, ஐபோன், குரோம், ஃபயர்பாக்ஸ், வாட்ஸ்அப் எல்லாவற்றுக்குள்ளும் அது இருக்கிறது. தரவுகளை நெடுங்காலம் பாதுகாக்க ஏற்ற வடிவங்களில் ஒன்றாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைப் பரிந்துரைக்கிறது. இவ்வளவு உறுதியான ஒன்றை நம்பியிருந்தும் கடைக்காரர்கள் கணக்கை இழக்கிறார்கள் என்றால், காரணத்தைத் தரவுத்தளத்துக்குள் தேடிப் பயனில்லை. கோப்பு எங்கே இருக்கிறது, அதை எப்படி நகலெடுப்பது, அதன் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்ற மூன்றும் கடைக்காரருக்குத் தெரியாமல் இருப்பதே காரணம். இந்த மூன்றையும் மென்பொருள் விற்றவரிடம் கேட்டு வாங்குவது கடைக்காரரின் உரிமை. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவருக்கு அது கடமையும்கூட.

கடமை என்று சொல்லக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. 2024-25ஆம் நிதியாண்டின் கணக்கு, கடைசித் தேதி 31 டிசம்பர் 2025 என்று கொண்டால், 2031 டிசம்பர் இறுதிவரை எடுத்துக் காட்டும் நிலையில் இருக்க வேண்டும். அதற்குள் கணினி ஒருமுறையாவது மாறிவிடும், மென்பொருள் விற்றவர் தொழிலையே விட்டுப் போயிருக்கலாம். 57ஆம் விதி இன்னும் துல்லியமாகப் பேசுகிறது: கணினியில் கணக்கு வைத்திருப்பவர் முறையான மின்னணு பேக்கப் வைத்திருக்க வேண்டும், விபத்தாலோ இயற்கையாலோ பதிவுகள் அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். அதிகாரி கேட்டால் கோப்புகளின் விவரத்தையும் அவற்றின் கடவுச்சொல்லையும் தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. "கடவுச்சொல் கம்பெனிக்காரரிடம் இருக்கிறது, எனக்குத் தெரியாது" என்ற பதில் அங்கே செல்லாது. பொறுப்பு முழுவதும் கடைக்காரர் தலையில் இருக்கும்போது சாவி மட்டும் வேறொருவர் கையில் இருப்பது நியாயமாகாது.

இனி, கோப்பு எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம். பில் போட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலும் கணக்கு பாதியில் சிதையாமல் இருக்க எஸ்க்யூலைட் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. பழைய முறையில், ஒரு பக்கத்தை மாற்றுவதற்கு முன் அதன் பழைய வடிவத்தை ஜர்னல் என்ற துணைக்கோப்பில் எழுதி வைக்கும். இடையில் ஏதாவது நேர்ந்தால் அடுத்த முறை திறக்கும்போது அதைக் கொண்டு பழைய நிலைக்குத் திரும்பும். 2010இல் வந்த இன்னொரு முறையில் புதிய பதிவுகள் முதலில் 'வால்' என்று முடியும் துணைக்கோப்பில் சேர்ந்து, அவ்வப்போது மூலக்கோப்புக்கு மாறும். இரண்டு முறையிலும் பிரதான கோப்பு மட்டும் முழுக் கணக்கு ஆகாது. துணைக்கோப்பையும் சேர்த்தால்தான் முழுக் கணக்கு. கடை திறந்திருக்கும்போது பிரதான கோப்பை மட்டும் பென்டிரைவில் இழுத்துப் போட்டால், அன்றைய விற்பனை அந்த நகலில் இல்லாமல் போகலாம். மோசமான நேரத்தில் எடுத்தால் நகல் திறக்கவே திறக்காது. இடத்தை அடைக்கும் குப்பை என்று நினைத்துத் துணைக்கோப்பை யாராவது அழித்தால், நன்றாக இருந்த மூலக்கோப்பே கெட்டுப்போகக்கூடும். ஃபோல்டரில் இருப்பதைத் தானாக இணையத்தில் ஏற்றும் சேவைகளும் இதே தவறைச் சத்தமில்லாமல் செய்கின்றன, ஏனென்றால் இரண்டு கோப்புகளும் ஒரே கணத்தில் நகலாக வேண்டும் என்பது அவற்றுக்குத் தெரியாது.

சரியான வழி எளிது. கடையை மூடும்போது மென்பொருளை முறைப்படி மூடுங்கள், எல்லாக் கணினிகளிலும். அதன்பின் அந்த ஃபோல்டரைப் பாருங்கள். முறையாக மூடினால் துணைக்கோப்புகள் பெரும்பாலும் தாமாகவே மறைந்துவிடும். இன்னும் நின்றால், எங்கோ அது ஓடிக்கொண்டிருக்கிறது அல்லது முன்பு தடுமாறி நின்றிருக்கிறது என்று சந்தேகப்படலாம். அப்போது ஃபோல்டர் முழுவதையும் சேர்த்தே நகலெடுக்க வேண்டும். கடை ஓடிக்கொண்டிருக்கும்போதே பேக்கப் வேண்டுமென்றால் எஸ்க்யூலைட்டிலேயே அதற்கான வசதி உண்டு. 2019 முதல் 'வேக்கூம் இன்ட்டு' என்ற ஒரே கட்டளை பிழையற்ற தனி நகலை எழுதித் தருகிறது. மென்பொருளில் பேக்கப் பொத்தான் இருந்தால், அது இந்த வசதியைப் பயன்படுத்துகிறதா, வெறுமனே கோப்பை நகலெடுக்கிறதா என்று விற்றவரிடம் எழுத்தில் கேட்கலாம். எடுத்த நகலில் 'இன்டெக்ரிட்டி செக்' என்ற சோதனையை ஓட்டினால், கோப்பின் கட்டமைப்பு நலமாக இருந்தால் ஓகே என்ற ஒற்றைச் சொல் மட்டும் வரும். அதோடு நின்றுவிடாமல், மாதம் ஒருமுறையாவது நகலை வேறொரு கணினியில் திறந்து, நேற்றைய கடைசி பில் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று எண்ணுவதே பெரிய ஆபத்து.

கடையில் இரண்டாவது கவுன்ட்டர் போட்டதும் வேறொரு தொல்லை தொடங்குகிறது. 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்று திரையில் வந்தவுடன் பலர் கணினியை அணைத்துவிடுகிறார்கள். அது நோயின் அறிகுறி அல்ல. எஸ்க்யூலைட்டில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும், மற்றவர் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை மென்பொருள் எழுதியவர் சில விநாடிகளாவது வைத்திருந்தால் அந்தச் செய்தி பெரும்பாலும் கண்ணில் படாது. தொடர்ந்து வந்தால், உறைந்துபோன ஒரு நிரல் பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அந்த நிரலை முடித்துவிட வேண்டுமே தவிர எந்தக் கோப்பையும் அழிக்கக் கூடாது. நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரில் கோப்பை வைத்து, இரண்டு மூன்று கணினிகளிலிருந்து நேரடியாக அதில் எழுதும் ஏற்பாடுதான் உண்மையில் அஞ்ச வேண்டியது. பல நெட்வொர்க் ஃபோல்டர்களில் பூட்டு சரியாக வேலை செய்வதில்லை என்று எஸ்க்யூலைட்டின் ஆவணங்களே எச்சரிக்கின்றன. இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் கோப்பு சிதையும். அத்தகைய கடைக்கு போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்க்யூஎல் போன்ற சர்வர் தரவுத்தளத்தில் இயங்கும் பதிப்பைக் கேட்டு வாங்குவதே சரி.

"அப்படியானால் எல்லோருமே பெரிய சர்வருக்கு மாறிவிடலாமே, இந்த வம்பு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே கணினியில் நடக்கும் கடைக்கு சர்வர் தரவுத்தளம் கூடுதல் பராமரிப்பைத்தான் தரும். அதற்கும் பேக்கப் வேண்டும், அதன் கடவுச்சொல்லும் யாரிடமாவது இருந்தாக வேண்டும். மாறினாலும் பிரச்சினை இடம் மாறுமே ஒழியத் தீராது. "எல்லாம் கிளவுடில் இருக்கிறது" என்பதும் அப்படித்தான். கெட்டுப்போன கோப்பையும் கிளவுட் அதே வேகத்தில் மேலே ஏற்றிவிடும். பழைய நாள்களின் நகல்கள் தனித்தனியே இருந்தால் மட்டுமே அது உதவும். சந்தா முடிந்த பிறகு எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் படித்துக்கொள்ள வேண்டும். "இதெல்லாம் டெக்னீஷியன் வேலை, கடைக்காரருக்கு எதற்கு?" என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. கட்டளைகளை டெக்னீஷியனே ஓட்டட்டும். ஆனால் எதை ஓட்டினார், நகல் எங்கே என்று கேட்கும் அளவுக்கு உரியவருக்குத் தெரியாவிட்டால், வேலை நடந்ததா என்று அறிய வழியே இல்லை.

விற்பவர்களின் வாதம் இவற்றைவிடக் கனமானது. கடவுச்சொல்லைக் கொடுத்தால் கடைப் பணியாளர்கள் உள்ளே புகுந்து பில்லைத் திருத்திவிடுவார்கள், எங்கள் மென்பொருளின் உள்ளமைப்பும் வெளியே போய்விடும் என்கிறார்கள். முதல் அச்சம் உண்மையானது, ஆனால் அதற்குத் தீர்வு உரிமையாளரிடமிருந்து சாவியை மறைப்பது அல்ல. பணியாளர்களுக்குத் தனித்தனி லாகின் தருவதும், சாவியை உரிமையாளர் மட்டும் பத்திரமாக வைத்திருப்பதும்தான். இரண்டாவதைப் பொறுத்தவரை, நிரல் அவர்களுடையது, அதை யாரும் கேட்கவில்லை. பில்களும் பாக்கிக் கணக்கும் கடையுடையவை. அவற்றை எக்ஸெல்லில் திறக்கக்கூடிய வடிவத்தில் முழுமையாக எடுத்துத் தரும் வசதி இருந்தால் போதும். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 20ஆம் பிரிவு, தனிநபர் தன் தரவை எடுத்துக்கொண்டு வேறிடம் போகும் உரிமையைத் தருகிறது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு மசோதாவில் இருந்த அந்த உரிமை 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. அதனால், வாங்கும்போதே ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கினால்தான் உண்டு.

உரிமை கேட்கும் கடைக்காரருக்கு வாடிக்கையாளரிடமும் ஒரு பொறுப்பு இருக்கிறது. எஸ்க்யூலைட்டில் ஒரு பதிவை அழித்தால், அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது. எழுத்துகள் பெரும்பாலும் அப்படியே கிடக்கின்றன, வேறு பதிவு அதன்மேல் வந்து விழும்வரை. தடயவியல் ஆய்வில் அழித்த குறுஞ்செய்திகளை மீட்பது இப்படித்தான். கோப்பு இயல்பாகக் குறியாக்கம் செய்யப்பட்டும் இருக்காது. இலவசக் கருவி வைத்திருக்கும் எவரும் திறந்து படிக்கலாம். மருந்துக்கடைக் கோப்பில் யாருக்கு என்ன நோய் என்பதே தெரிந்துவிடும். அழித்த இடத்தைப் பூஜ்ஜியங்களால் நிரப்பும் 'செக்யூர் டிலீட்', கோப்பைப் புதிதாக எழுதும் 'வேக்கூம்', முழுக் கோப்பையும் குறியாக்கம் செய்யும் எஸ்க்யூஎல்சைஃபர் போன்றவை இருக்கின்றன; மென்பொருள் எழுதியவரிடம் அவற்றைப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். பழைய கணினியை விற்கும்போது கோப்பை மட்டும் அழிப்பது போதாது, டிஸ்க்கையே முறையாகத் துடைக்க வேண்டும். தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, தன்னைப் பற்றிய தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையை வாடிக்கையாளருக்குத் தருகிறது. ஜி.எஸ்.டி. போன்ற வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லும் பில்லை அதற்காக அழிக்க வேண்டியதில்லை. தேவை முடிந்த தொலைபேசி எண்ணுக்கு அந்த விலக்கு கிடையாது. பாதுகாப்பில் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். அந்தத் தொகை சின்னக் கடைக்கு விதிக்கப்படுவது அரிது என்றாலும், கடமை எல்லோருக்கும் பொது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி சட்டம் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது.

கெட்டபின் செய்ய வேண்டியது: 'டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு' என்று வந்தால் அந்த நொடியே பில் போடுவதை நிறுத்த வேண்டும். ரீஇன்ஸ்டால் செய்ய யாரையும் விடக் கூடாது. துணைக்கோப்புகளோடு ஃபோல்டர் முழுவதையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து, அந்த நகலில்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். எஸ்க்யூலைட்டின் இலவசக் கருவியில் 'ரெக்கவர்' என்ற கட்டளை, கிடைக்கும் பக்கங்களிலிருந்து பதிவுகளைப் பொறுக்கிப் புதிய கோப்பு கட்டும். அதில் சில பதிவுகள் விடுபடலாம், அழித்தவை திரும்பவும் வரலாம். ஆகவே அச்சிட்ட பில்களோடும், ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்கெனவே தாக்கல் செய்த விற்பனை விவரத்தோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

இழப்புக்கு வேறொருவர் காரணமென்றால் இரண்டு வழிகள் உண்டு. அனுமதியின்றித் தரவை அழிப்பதும், உரியவரை அணுக விடாமல் தடுப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவில் வருகின்றன. 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர், தீர்ப்பளிக்கும் அலுவலர் என்ற முறையில் விசாரிக்கிறார். நேர்மையற்ற நோக்கம் இருந்தால் 66ஆம் பிரிவின்படி அது குற்றமாகிறது. சந்தா முடிந்ததும் மென்பொருள் பூட்டிக்கொள்வது இதில் அடங்குமா என்பது ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது. சேவைக் குறைபாடு என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும். சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கியவருக்கு அந்தத் தடை இல்லை என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. 1915 என்ற உதவி எண்ணில் முதலில் பேசலாம். 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல் விலை கொடுத்து வாங்கிய சேவையென்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. இரண்டு இடங்களிலும் ரசீதையும், விற்றவருடன் நடந்த எழுத்துத் தொடர்பையும் கேட்பார்கள். கெட்டுப்போன கோப்பின் கைபடாத நகலும் அவற்றோடு இருந்தால், யார் எப்போது என்ன செய்தார் என்ற கேள்விக்கு அதிலிருந்தே பதில் தேட முடியும். சரிசெய்ய வந்தவர் பழைய கோப்பின்மேலேயே புதியதை எழுதிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.