கௌபாய் பூட்ஸும் காலின் அளவும்



1972ஆம் ஆண்டில் ஜெய்சங்கர் நடித்து வெளிவந்த ‘கங்கா’ என்னும் கௌபாய் பாணிப் படத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். ஆங்கிலக் கௌபாய் படங்களைப் பார்த்தவர்களும் இருப்பீர்கள். அப்படங்களில் நம் கண் தொப்பியின் மீதும் துப்பாக்கியின் மீதும் போகுமே தவிர, காலின் மீது போகாது. ஆனால் குதிரைமேல் இருப்பவனின் உயிரைக் காக்கும் பொருள் அவன் காலில்தான் இருக்கிறது. அந்தப் பூட்ஸைப் பற்றியும், அதைக் காலுக்குச் சரியாகத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியும் இன்று பேசலாம்.

கௌபாய் என்றால் மாடு மேய்க்கும் கூலித் தொழிலாளி என்றுதான் பொருள். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின், டெக்சஸ் மாநிலத்தின் மாடுகளை வடக்கே கான்சாஸ் மாநிலத்து ரயில் நிலையங்களுக்கு ஓட்டிச் செல்லும் வேலை பெருகியது. அபிலீன் என்ற ஊருக்கு 1867இல் மந்தைகள் வரத் தொடங்கின. மாதக்கணக்கில் குதிரை முதுகிலேயே பிழைப்பு. அந்தத் தொழிலாளர்களின் தேவைக்காகச் சப்பாத்துத் தைப்பவர்கள் உருவாக்கியதே இந்தப் பூட்ஸ். டெக்சஸில் 1879இல் தொழில் தொடங்கிய ஜஸ்டின் என்பவர், தொலைவில் இருப்பவர்கள் தாங்களே காலை அளந்து தபாலில் அனுப்புவதற்கு ஒரு முறையையே ஏற்படுத்தினார். கால் அளவு அவ்வளவு முக்கியமாக இருந்தது.

ஏன் முக்கியம்? குதிரைச் சேணத்தின் இருபுறமும் காலை வைக்க ஒரு வளையம் தொங்குகிறதே, அதை அங்கவடி என்பார்கள். சவாரி செய்பவன் கீழே விழும்போது கால் அந்த வளையத்தில் சிக்கிக்கொண்டால், மிரண்ட குதிரை அவனைத் தரையில் இழுத்துக்கொண்டே ஓடும். அப்படி உயிர் விட்டவர்கள் உண்டு. பூட்ஸின் அமைப்பை இந்த ஆபத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கும். ஒன்றரை அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை உயர்ந்த குதி, கால் வளையத்துக்குள் முழுவதும் நுழைந்துவிடாமல் தடுக்கிறது. வழவழப்பான அடித்தோல், கால் சட்டென்று வழுக்கி வெளியே வர உதவுகிறது. கயிறு கிடையாது; ஆகவே மாட்டிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. வளையத்தில் பூட்ஸே சிக்கினாலும் கால் மட்டும் உருவிக்கொண்டு வர வாய்ப்பு உண்டு.

கயிறு இல்லை என்பதில்தான் சிக்கலும் இருக்கிறது. சாதாரணச் சப்பாத்து தளர்வாக இருந்தால் கயிற்றை இறுக்கலாம், இதில் முடியாது. அப்படியானால் காலைப் பிடித்துக்கொள்வது எது? பாதத்தின் மேல்பக்கம், அதாவது செருப்பின் வார் படிகிற இடம். அந்த இடத்தில் தோல் அழுத்தமாகப் படியவேண்டும், வலிக்கக்கூடாது. காலை உள்ளே விடும்போது சற்று முரண்டு பிடித்து, பிறகு ‘பொதுக்’கென்று இறங்கினால் நல்ல அறிகுறி. தடையின்றி வாளிக்குள் விடுவதுபோல் இறங்கினால் அது உங்கள் பூட்ஸ் அல்ல.

அடுத்து, பெருவிரலுக்குப் பின்னால் எலும்பு புடைத்திருக்கிறதே, அந்த இடம் அடித்தோலின் மிக அகன்ற பகுதியில் சரியாக உட்காரவேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். பாதம் அகலமானவர்கள், “பக்கத்தில் இறுக்குகிறது” என்று சொல்லி ஒரு எண் நீளமானதை வாங்கிவிடுகிறார்கள். அப்போது எலும்பு ஓரிடத்தில், பூட்ஸ் மடியும் இடம் வேறோரிடத்தில். குதிகால் கழன்று கழன்று கொப்புளம் வரும். பள்ளி திறக்கும் நேரத்தில் “வளர்கிற பிள்ளைதானே” என்று பெரிய சப்பாத்து வாங்கி, முனையில் பஞ்சு அடைத்து அனுப்புகிறோமே, அந்தப் பிள்ளையின் குதிகாலைக் கேட்டால் தெரியும்! அமெரிக்கப் பூட்ஸில் நீளத்துக்கு எண்ணும் அகலத்துக்கு எழுத்தும் இருக்கும். ஆண்களுக்கு ‘டி’ என்பது சாதாரண அகலம். ‘ஈஈ’ என்பது அகன்றது. அகலம் போதாவிட்டால் மாற்றவேண்டியது எழுத்தை, எண்ணை அல்ல.

புதிய பூட்ஸில் நடக்கும்போது குதிகால் கால் அங்குலம் அளவுக்கு மேலெழும்பும். இதைக் கண்டு பயந்து சிறியதை வாங்கிவிடக்கூடாது. அடித்தோல் புதிதில் விறைப்பாக இருக்கும். அது வளையப் பழகியதும் இந்த ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும். தோல் பக்கவாட்டில் சற்று இளகிக் கொடுக்கும்; ஆனால் நீளத்தில் கொடுக்காது. ஆகவே விரல்கள் முனையில் முட்டினால், “போகப் போகச் சரியாகிவிடும்” என்று கடைக்காரர் சொன்னாலும் நம்பவேண்டாம்.

வாங்குவதற்கு மாலை நேரமே நல்லது. நாள் முழுவதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். சவாரிக்குப் போடும் காலுறையையே போட்டுப் பார்க்கவேண்டும். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். பெரிய காலுக்குத்தான் அளவு.

குதிரையிலிருந்து குதித்து ஓடிக் கன்றைக் கட்டும் பந்தயக்காரர்கள், ஓட வசதியாக ஓர் அங்குலக் குதி உள்ளதை அணிகிறார்கள். அதுவும் சவாரிக்கு ஏற்றதுதான். ஆழமான பள்ளங்கள் வெட்டிய ரப்பர் அடி உள்ள வேலைப் பூட்ஸ் மட்டும் குதிரைக்கு ஆகவே ஆகாது. சேற்றில் வழுக்காமல் நம்மைக் காப்பாற்றும் அதே பிடிமானம், அங்கவடியிலும் விடாமல் பற்றிக்கொள்ளும். பூட்ஸ் அளவாக இருந்தாலும் அங்கவடி குறுகியிருந்தால் பயனில்லை. காலை வைத்தபின் இருபக்கமும் சிறிது இடைவெளி தெரியவேண்டும்.

கடைசியாக, கடையை விட்டு வெளியே வருமுன் ஒருமுறை கழற்றியும் பார்க்கவேண்டும். முனையில் கவட்டை போல வெட்டிய ஒரு சிறிய பலகை வைத்திருப்பார்கள். ஒரு காலால் பலகையை மிதித்து, மற்றக் காலின் குதியைக் கவட்டையில் கொடுத்து இழுத்தால் பூட்ஸ் கழன்று வரவேண்டும். இரண்டு பேர் பிடித்து இழுத்தால்தான் வரும் என்றால், அதை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.