டார்பிஷயர் மாளிகைகளுக்கு ஒரு கார்ப் பயணம்

இங்கிலாந்தின் பழைய பிரபு மாளிகைகளைக் காரில் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் நாடு முழுவதையும் ஒரே பயணத்தில் அள்ளிவிட நினைக்கிறார்கள். தெற்கே கென்ட்டில் ஒன்று, வடக்கே யார்க்‌ஷயரில் ஒன்று என்று பட்டியல் போட்டால் பாதிப் பயணம் நெடுஞ்சாலையிலேயே தீர்ந்துவிடும். ஒரே மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஊரில் நான்கைந்து நாள் தங்குவதுதான் சரி. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது டார்பிஷயர். பேக்வெல் என்ற சிற்றூரில் அறை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் ஐந்து பெரிய மாளிகைகள். மான்செஸ்டர் விமான நிலையத்திலிருந்தும் பேக்வெல் அதிகத் தூரமில்லை.

முதலில் ஹார்டுவிக் ஹாலைப் பாருங்கள். இதைக் கட்டிய, பெஸ் என்று அழைக்கப்பட்ட எலிசபெத் சீமாட்டி, நான்கு முறை மணந்து, ஒவ்வொரு கணவர் வழியாகவும் சொத்தைப் பெருக்கியவர். அறுபது வயதைத் தாண்டிய பிறகு 1590இல் இந்த வீட்டைக் கட்டத் தொடங்கி 1597இல் குடிபுகுந்தார். கோபுர உச்சிகளில் அவர் பெயரின் முதலெழுத்துகளை ஆளுயரக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருப்பது வெகு தூரத்திலிருந்தே தெரியும். கண்ணாடி பெரும் விலை விற்ற காலத்தில் சுவரைவிடச் சன்னலே அதிகம் என்று சொல்லும்படி கட்டியிருக்கிறார். வெளியே நின்று கவனியுங்கள்: மாடி ஏற ஏறச் சன்னல்களின் உயரம் கூடிக்கொண்டே போகும். அந்த வீட்டில் மதிப்பு மேலே ஏறுகிறது. ராஜ உபசாரத்துக்கான கூடங்கள் எல்லாம் உச்சி மாடியில்தான். இத்தனை சன்னல் இருந்தும் உள்ளே மங்கலாக இருக்கும். நூற்றாண்டுகள் பழைய நெய்த சித்திரத் திரைகள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும் என்பதால் மறைப்புகளை இறக்கி வைத்திருப்பார்கள். அவசரப்படாமல் சற்று நேரம் நின்றால் கண் பழகி, திரைகளில் உருவங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கும்.

மறுநாள் சாட்ஸ்வொர்த். இதையும் முதலில் தொடங்கியவர் பெஸ்தான். இரண்டாவது கணவர் வில்லியம் கேவண்டிஷோடு 1552இல். இன்று நாம் பார்ப்பது அவர்கள் வழிவந்த முதலாம் டெவன்ஷயர் டியூக் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருப்பிக் கட்டியது. இசை அறையில் ஒரு கதவுக்குப் பின்னால் வயலின் ஒன்று தொங்கும். அது ஓவியம். நிழல்கூட வரைந்ததுதான். தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் 1844இல் அமைத்த நீரூற்று, 90 மீட்டர் வரை எழும்பக்கூடியது. பம்பு கிடையாது. குன்றின் மேல் ஏரி வெட்டி, அங்கிருந்து நீர் இறங்கி வரும் விசையிலேயே மேலே பாய்கிறது.

இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹார்டுவிக்கும் டெவன்ஷயர் டியூக்குகளின் வீடாகவே இருந்தது. பத்தாவது டியூக் வாரிசு வரிக்கு அஞ்சி முன்கூட்டியே சொத்தை மகன் பெயருக்கு மாற்றினார். அன்றைய சட்டப்படி, அதன்பின் ஐந்தாண்டு உயிரோடு இருந்தால் வரி இல்லை. சில மாதமே பாக்கி இருந்தபோது, 1950 நவம்பரில் இறந்துவிட்டார். வரி 80 சதவீதம். அதை அடைக்க நிலங்களும் ஓவியங்களும் போயின. ஹார்டுவிக்கும் வரிக்கு ஈடாக அரசிடம் போய், 1959இல், பழைய வீடுகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது. சாட்ஸ்வொர்த்தில் அந்தக் குடும்பம் இன்றும் வசிக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் இப்படி வரியும் செலவும் தாங்காமல் நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடிக்கப்பட்டன. நாம் டிக்கெட் வாங்கி உள்ளே போக முடிவதற்குப் பின்னாலும் இதே நெருக்கடிதான் இருக்கிறது.

சாட்ஸ்வொர்த்துக்கு மிக அருகில் ஹாடன் ஹால். உரிமைக் குடும்பம் ஏறக்குறைய 200 ஆண்டு இங்கே குடியிருக்காததால், புது மோஸ்தருக்கு ஏற்ப இடித்துக் கட்ட யாரும் முனையவில்லை. இடைக்காலச் சமையலறை அப்படியே நிற்கிறது. வெட்டி வெட்டித் தேய்ந்து குழிந்த மரக்கட்டைகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள்.

டார்பி நகருக்கு அருகேயுள்ள கெடில்ஸ்டன் ஹாலுக்கு ஒரு நாளை முழுதாக ஒதுக்குங்கள். இந்தியர்களுக்கு இது வெறும் வேடிக்கை பார்க்கும் இடமல்ல. 1899 முதல் 1905 வரை வைஸ்ராயாக இருந்து வங்கத்தைப் பிரித்த கர்சன் பிறந்த வீடு இது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, கல்கத்தாவின் கவர்னர் ஜெனரல் மாளிகையை இதைப் பார்த்துத்தான் கட்டினார்கள். கர்சன் அங்கே போனபோது தன் வீட்டின் சாயலிலேயே குடியேறினார். கெடில்ஸ்டனுக்குத் திட்டமிட்ட நான்கு பக்கக் கட்டடங்களில் இரண்டுதான் எழுந்தன, கல்கத்தாவில் நான்கும் எழுந்தன. கர்சன் ஆசியாவிலிருந்து கொண்டுவந்த பொருள்களுக்குக் கீழ்த்தளத்தில் தனி அருங்காட்சியகம் உண்டு. 1903 டெல்லி தர்பாரின்போது அவர் மனைவி அணிந்த மயில் கவுனும் இந்த வீட்டுச் சேகரிப்பில் இருக்கிறது. தோகைக் கண் ஒவ்வொன்றிலும் பச்சையாக மின்னுவது வண்டின் சிறகு. சுற்றிலும் இந்தியக் கைவினைஞர்களின் ஜரிகை வேலை. அந்தக் கைகளின் திறமையை நினைத்தபடிதான் அதைப் பார்க்க வேண்டும்.

தெற்கே கால்க் அபி தனி ரகம். 1985இல் நேஷனல் டிரஸ்ட் இதை ஏற்றபோது, மேலும் சிதையாமல் காப்பது, ஆனால் புதுப்பிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். உரிந்த சுவர்க் காகிதம், அடைந்து கிடக்கும் சாமான்கள், கண்ணாடிப் பெட்டிகளில் பாடம் செய்த பறவைகள் எல்லாம் அப்படியே. இவற்றுக்கு நடுவே, பெட்டியில் பிரிக்கப்படாமலே கிடந்த 18ஆம் நூற்றாண்டுச் சீனப் பட்டுக் கட்டில் திரைகள் நிறம் மாறாமல் பளிச்சென்று இருக்கின்றன.

பாதையைத் தூரத்தை வைத்துப் போடாதீர்கள். எந்த வீடு எந்தக் கிழமை திறந்திருக்கும் என்பதை வைத்துப் போடுங்கள். குளிர்காலத்தில் பல வீடுகள் மூடியிருக்கும், அல்லது தோட்டம் மட்டும் திறந்திருக்கும். கோடையிலும் தோட்டம் காலையிலேயே திறந்து, வீடு தாமதமாகத் திறப்பது சகஜம். கடைசி அனுமதி, மூடும் நேரத்துக்குக் கணிசமாக முன்பே முடிந்துவிடும். ஹார்டுவிக், கெடில்ஸ்டன், கால்க் மூன்றும் நேஷனல் டிரஸ்டுடையவை. குடும்பமாகப் போனால் தனித்தனி டிக்கெட்டையும் ஆண்டுச் சந்தாவையும் ஒப்பிட்டுப் பாருங்கள், சந்தாவில் கார் நிறுத்தும் கட்டணமும் அடங்கிவிடும். சாட்ஸ்வொர்த்துக்கும் ஹாடனுக்கும் அந்தச் சந்தா செல்லாது.

வண்டி ஓட்டுவதில் நமக்குப் பெரிய சிரமமில்லை, அங்கேயும் இடதுபுறம்தான். வருகையாளர்கள் இந்திய உரிமத்திலேயே 12 மாதம் வரை கார் ஓட்டலாம். ரவுண்டானாவில் வலப்புறத்திலிருந்து வரும் வண்டிக்குக் கட்டாயம் வழிவிட வேண்டும், நம் ஊர்போல மூக்கை நுழைக்கக் கூடாது. வேகம் மைலில் எழுதியிருக்கும். ஊருக்குள் பெரும்பாலும் 30. கிராமப்புறச் சந்துச் சாலைகளில் இருபுறமும் உயரமான வேலி, எதிரே வண்டி வந்தால் பின்னால் எடுத்து ஒதுங்க வேண்டியிருக்கும். அதனால் பெரிய கார் எடுக்காதீர்கள். மாளிகையின் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் செல்போன் சில சமயம் பூட்டிய பின்வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். கடைசி இரண்டு மூன்று மைலுக்குச் செல்போனை விட்டுவிட்டு, சாலையோரப் பழுப்பு நிறப் பலகைகளைப் பார்த்துப் போங்கள்.