கறுப்புக் கட்டைகளில் ஒரு ராகம்

ரயில்வேயில் பொறியாளராக இருந்தவரை பிழைக்கு இடமில்லை. ஓய்வுபெற்றுத் திருப்பதியில் பேரனின் கீபோர்டு முன் அமர்ந்தபோதும் அந்தப் பயம் விரல்களைவிட்டுப் போகவில்லை.

"கறுப்புக் கட்டையை மட்டும் வாசிங்க, தாத்தா" என்றான் பேரன்.

இரட்டைக் கறுப்புக் கட்டைகளில் இரண்டாவதை ஸட்ஜமாக வைத்தேன். ஐந்தும் சுத்த தன்யாசி! எம்.எஸ். அம்மா பாடிய அன்னமாச்சாரியாரின் 'பாவமுலோன' கீர்த்தனையின் ராகம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசைக்கும் இவையே அடிப்படை, கமகம்தான் வேறு. இசையமைப்பாளர் டபிள்யூ.சி. ஹாண்டி 1903 வாக்கில் அந்த இசையைக் கேட்டதும் மிஸிஸிப்பியின் ஒரு ரயில் நிலையத்தில்தான்!

இடக்கை ஸட்ஜத்தைத் தம்புராபோல் பிடிக்கட்டும். வலக்கையில் மூன்று சுரங்களில் ஒரு கேள்வி, அதுவே மீண்டும், பிறகு பதில். இடறிய சுரத்தையும் அடுத்த சுரம் அணைத்துக்கொள்கிறது.

அறுபதுக்குமேல், பயமின்றிப் பிழை செய்யப் பழகுகிறேன். உங்கள் வீட்டில் மூடிக்கிடக்கும் கீபோர்டையும் திறந்து பாருங்களேன்!