உஷார்! கதவு இடுக்கில் ஓர் எண் இருக்கிறது

இந்தச் சனிக்கிழமை பிக்கப் டிரக் வாங்கக் கிளம்புகிறவர்கள், ஷோரூம் போவதற்கு முன்னால் பத்து நிமிடம் இதைப் படித்துவிடுங்கள்.

ஹூஸ்டன், டல்லாஸ் பக்கம் குடியேறும் நம்மவர்களுக்கு நாலைந்து வருடத்தில் ஒரு காய்ச்சல் வரும். அக்கம்பக்கத்து வாசல்களில் நிற்கும் டிரக்குகளைப் பார்த்துப் பார்த்து, வீட்டில் இருக்கும் கேம்ரி திடீரென்று சோப்பு டப்பா மாதிரி தெரிய ஆரம்பிக்கும். எனக்கும் வந்தது. அந்தக் காய்ச்சலோடு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் நெடுஞ்சாலையில் ஐந்து உயிர்களை வைத்துக்கொண்டு பாடம் படித்தவன் நான்.

விருந்துகளில் தட்டோடு நின்றபடி எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மிட்சைஸ் போதுமா, ஃபுல்சைஸ் எடுக்கணுமா? டொயோட்டா டகோமா, ஃபோர்டு ரேஞ்சர், செவ்ரலே கொலராடோ, நிஸான் ஃப்ரான்டியர், ஹோண்டா ரிட்ஜ்லைன் எல்லாம் ஒரு பக்கம். எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500, டண்ட்ரா மறுபக்கம். பதில் சொல்கிறவர் உடனே விளம்பரத்தில் வந்த எண்ணை எடுத்து வீசுவார். ரேஞ்சர் 7,500 பவுண்டு இழுக்கும், கொலராடோ 7,700 இழுக்கும், டண்ட்ரா 12,000, எஃப்-150 அதற்கும் மேலே.

அந்த எண் நீங்கள் வாங்கப் போகும் வண்டியின் எண் அல்ல. அந்த மாடலில் இழுவைக்கென்றே தேர்ந்தெடுத்துக் கட்டிய வண்டியின் எண். அதே பெயரில், இழுவைப் பேக்கேஜ் இல்லாமல் நிற்கும் வண்டி பாதி எடைக்கே மூச்சு வாங்கலாம். இன்னொன்று: அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்ற விதிப்படிதான் கம்பெனிகள் இழுவையைச் சோதிக்கின்றன. அரிஸோனாவின் டேவிஸ் அணைக்கட்டு மேட்டில் வண்டி எப்படி ஏறுகிறது என்பதும் அதில் உண்டு. நல்ல கடுமையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு. பின்சீட்டில் பிள்ளைகள் இல்லை, ஊரிலிருந்து வந்த அப்பா இல்லை, ஐஸ்பெட்டி இல்லை, புளியோதரைத் தூக்கு இல்லை.

நம் குடும்பம் அப்படியா கிளம்பும்?

ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடும் தூணில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்று போட்டிருக்குமே, அதே ஸ்டிக்கர். அதில் ஒரு வரி: ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு, இத்தனை பவுண்டுக்கு மேல் ஒருபோதும் போகக் கூடாது. இதுதான் பேலோடு. அந்த ஒரு வண்டிக்கென்று, அதில் பொருத்திய சீட்டு, சக்கரம், கண்ணாடிக்கூரை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் போட்ட எண். அதே மாடலில் பக்கத்தில் நிற்கும் வண்டிக்கு அது வேறாக இருக்கும். ஷோரூமில் எனக்கு இதை யாரும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. காபி கொடுத்தார்கள், குடித்தேன்.

இரண்டு கோடைக்கு முன்னால் ஒரு டிராவல் டிரெய்லரை வாடகைக்கு எடுத்தோம். என் மிட்சைஸ் 7,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்பது விற்பனையாளர் வாய்க்கணக்கு. டிரெய்லரின் காலி எடை 5,200. தாராளம் என்று நினைத்தேன். ஐ-10இல் கேட்டி தாண்டி மேற்கே போகும்போதே ஏதோ சரியில்லை. டிரக்கின் பின்பக்கம் அமுங்கி, மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஸ்டீயரிங்கில் பிடிமானமே இல்லை. ஒரு பதினெட்டுச் சக்கர லாரி எங்களைத் தாண்டியது. அது கிளப்பிய காற்றில் டிரெய்லர் ஒருமுறை இடமும் வலமும் வாலை ஆட்டியது. பின்னாலிருந்த அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். “மெதுவாப் போங்க” என்று என் மனைவி சொன்னதில் கோபம் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது.

வழியில் ஒரு டிரக் ஸ்டாப்பில் ஒதுங்கினோம். லாரிக்காரர்கள் எடை போடும் கேட் ஸ்கேல் அங்கே இருந்தது. டிரக்கின் முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லரின் அச்சு என்று மூன்றையும் தனித்தனியாக அளந்து சீட்டுக் கொடுத்துவிடும். சீட்டைப் பார்த்தேன். அப்புறம்தான் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பார்த்தேன். 1,180 பவுண்டு என்று போட்டிருந்தது.

கணக்கு இப்படி. நான், மனைவி, மகன், மகள், அப்பா: ஐந்து பேருக்கு 670 பவுண்டு. ஐஸ்பெட்டி, நாற்காலிகள், அடுப்பு, அரிசி, பருப்பு வகையறா 150. எடையைப் பிரித்துக் கொடுக்கும் இணைப்புச் சட்டம் 80. ஆக 900. மிச்சம் 280 பவுண்டு. காலி எடை 5,200 என்ற டிரெய்லர் தண்ணீர், பேட்டரி, கேஸ், பாத்திரம் எல்லாம் ஏறியதும் 6,300 ஆகியிருந்தது. ஒரு கேலன் தண்ணீரே 8 பவுண்டுக்கு மேல். தொட்டி பிடிக்கும் 40 கேலனுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். அந்த 6,300இல் பன்னிரண்டு சதவீதம், அதாவது 756 பவுண்டு, டிரக்கின் பின்கொக்கியில் நேராக உட்காருகிறது. இருந்த இடம் 280. ஏறியது 756. இழுவை எண்ணைத் தொடவே இல்லை. சுமை எண் எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஆங்கிலக் கையேடு வேண்டாம். மாட்டு வண்டி ஓட்டிய தாத்தாவைக் கேட்டால் போதும். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டுக்குக் கால் பாவாது. டிரெய்லரும் அதே சங்கதிதான். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் முன்பாரமாகக் கொக்கியில் இருந்தே ஆக வேண்டும். டிரக் தாங்கவில்லையே என்று சாமானை டிரெய்லரின் பின்பக்கம் தள்ளினீர்களோ, வால் ஆட ஆரம்பிக்கும். வேகமாகப் போகும்போது ஆடத் தொடங்கிய வாலை ஸ்டீயரிங்கைத் திருப்பி அடக்கப் பார்த்தால் இன்னும் மோசமாகும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்த வேண்டும். அதற்கு பிரேக் கன்ட்ரோலர் வண்டியில் இருக்க வேண்டும். டெக்ஸஸ் சட்டப்படி 4,500 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். அதை டிரக்கிலிருந்து இயக்கும் கருவியை உங்கள் வண்டியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

நாங்கள் திரும்பிவிட்டோம். அறுபது மைலை ஓரத் தடத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தோம்.

“அதான் சொன்னேன், ஃபுல்சைஸ் எடுத்திருக்கணும்” என்று இந்த இடத்தில் நாலு பேர் மீசையை முறுக்குவார்கள். அவர்களுக்குத்தான் அடுத்த எச்சரிக்கை. பெரிய வண்டி என்றால் பெரிய பேலோடு என்று யார் சொன்னது? தோல் சீட்டு, கண்ணாடிக்கூரை, 22 அங்குலச் சக்கரம், தானே இறங்கும் படிக்கட்டு எல்லாம் வைத்த உயர்ரக ஃபுல்சைஸ்களின் கதவைத் திறந்து பார்த்திருக்கிறேன். 1,300க்குக் கீழே நிற்கின்றன. அத்தனை அலங்காரமும் எடைதானே? உங்கள் சுமையில் கழித்துக்கொள்கிறார்கள். சாதாரணத் துணி சீட்டு போட்ட மிட்சைஸ் சில சமயம் அதைவிட அதிகம் சுமக்கும். அறுபதாயிரம், எழுபதாயிரம் டாலர் கொடுத்து, 84 மாதத் தவணையில் மாட்டிக்கொண்டு, சுமக்காத டிரக் வாங்குவது என்ன கணக்கோ எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் இடம். அமெரிக்க வீடுகளின் கராஜ் பல இடங்களில் 20 அடி ஆழம், அதாவது 240 அங்குலம். நாலு கதவும் ஆறரை அடிப் பின்தொட்டியும் கொண்ட எஃப்-150 ஏறக்குறைய 243 அங்குலம். கதவு மூடாது. ஐந்தரை அடித் தொட்டி என்றால் 232. உள்ளே போகும், ஆனால் வாஷிங் மெஷின் பக்கம் போக உடம்பை ஒடுக்க வேண்டும். பக்கக் கண்ணாடிகளோடு அகலம் 8 அடி. ஒற்றைக் கார் கராஜ் கதவும் பல வீடுகளில் 8 அடிதான். நாடாவை எடுத்துக்கொண்டு போய் முதலில் உங்கள் வீட்டை அளங்கள்.

ஊரிலிருந்து அம்மா ஆறு மாதம் வந்து இருப்பார். புடவை கட்டிக்கொண்டு அந்த உயரத்தில் ஏற வேண்டும். ஒருநாள் கோயில் வாசலில் ஒரு பாட்டியை இரண்டு பேர் தாங்கி ஏற்றியதைப் பார்த்தேன். பாட்டி முகத்தில் இருந்த கூச்சம் எனக்கு மறக்கவில்லை. பின்சீட்டில் கால் நீட்டும் இடத்தில் மட்டும் ஃபுல்சைஸுக்கு ஈடில்லை. எஃப்-150இல் அது 43 அங்குலத்துக்கு மேல், டகோமாவில் 34 அங்குலம்கூட இல்லை. குழந்தை சீட்டைப் பின்பக்கம் பார்த்தபடி மாட்ட வேண்டிய வயதில் பிள்ளை இருந்தால், அந்த சீட்டைக் கையோடு எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள்.

பிள்ளை என்றதும் நினைவுக்கு வருவது, இந்தக் கட்டுரையில் என்னை உண்மையாகவே தூங்கவிடாத விஷயம். பானட்டின் உயரம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் நடந்து போகிறவர்மீது மோதினால், 30 அங்குலத்துக்குக் கீழே சரிவாக இறங்கும் கார்களைவிட உயிர் போகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். கார் காலைத் தட்டி பானட்மேல் சாய்க்கும். டிரக் நெஞ்சிலும் தலையிலும் இடிக்கும். மோதும் முன்னாலேயே இன்னொரு ஆபத்து: ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு, பம்பரை ஒட்டி நிற்கும் சின்னக் குழந்தை தெரியவே தெரியாது. மிட்சைஸ் வாங்கித் தப்பித்தோம் என்றும் இருக்க முடியாது. 2011இல் விற்பனை நிறுத்தப்பட்டு 2019இல் திரும்பி வந்த ரேஞ்சர் பழைய ரேஞ்சரைவிட எவ்வளவு பெரியது என்று பார்த்தாலே தெரியும். ஷோரூமில் நீங்கள் ஓட்டுநர் சீட்டில் உட்காருங்கள். வீட்டுக்காரரையோ வீட்டம்மாவையோ குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பம்பரிலிருந்து ஒவ்வொரு அடியாக முன்னால் நடக்கச் சொல்லுங்கள். குழந்தையின் தலை எத்தனையாவது அடியில் தெரிகிறது என்று எண்ணுங்கள். எண்ணி முடித்த பிறகு முன்கேமரா வேண்டுமா என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

சின்ன டிரக்குகள் இங்கே அரிதானதற்குப் பின்னால் ஒரு கோழிக் கதையும் இருக்கிறது. ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பழிவாங்க, 1964 முதல் வெளிநாட்டு இலகுரக டிரக்குகளுக்கு 25 சதவீத வரி. கோழிச் சண்டை எப்போதோ ஓய்ந்தும் வரி அப்படியே நிற்கிறது. இந்தியாவில் 2022 முதல் கிடைக்கும் டொயோட்டா ஹைலக்ஸ் டிரக் ஹூஸ்டனில் கிடைக்காது. சரி, அது போகட்டும்.

வீட்டு வேலைக்காக வாங்குகிறவர்கள் கவனிக்க: நாலுக்கு எட்டடி பிளைவுட் பலகை ஃபுல்சைஸின் இரண்டு சக்கரமேடுகளுக்கு நடுவில் படுக்கும். மிட்சைஸில் ரிட்ஜ்லைன் போன்ற சிலவற்றைத் தவிர மற்றவற்றில் படுக்காது, மேட்டின்மேல் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். ஜல்லி வாங்கப் போனால் இன்னும் உஷார். ஒரு கன கெஜம் ஜல்லி 2,800 பவுண்டு சுமார். கடைக்காரர் லோடரால் அள்ளிக் கொட்டும்போது தொட்டியில் சுமார் பாதிதான் நிறைந்திருக்கும். கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரியும் அந்த அளவிலேயே பெரும்பாலான ஃபுல்சைஸ்களும் எல்லை தாண்டிவிடும்.

சொந்தத் தொழில் வைத்திருப்பவர்களிடம் வேறொரு தூண்டில் போடுகிறார்கள். ‘6,000 பவுண்டுக்கு மேல் மொத்த எடை வரம்புள்ள வண்டி, வரிச் சட்டத்தின் பிரிவு 179இல் விலை முழுவதையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.’ தொழிலுக்குப் பாதிக்கு மேல் ஓடினால்தான் அது செல்லும். தொட்டியின் உள்நீளம் 6 அடிக்குக் குறைந்தால் கழிவுக்கு உச்சவரம்பும் உண்டு. நாலு கதவு வண்டிகளில் பெரும்பாலும் தொட்டி ஐந்தரை அடிதான். பல மிட்சைஸ்களும் 6,000ஐத் தாண்டுகின்றன என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். கணக்காளரைக் கேட்காமல் இதற்காக வண்டி வாங்காதீர்கள்.

வருடத்துக்கு மூன்றே நாள் சோபாவும் மண் மூட்டையும் தூக்குகிறவருக்கு ஹோம் டிப்போவில் மணிக்கணக்கு வாடகைக்கு டிரக் கிடைக்கிறது. இதைச் சொன்னால் நம்மவர்களுக்கு முகம் சுருங்கிவிடுகிறது.

போன வாரம் ஒரு தம்பி ஷோரூமிலிருந்தே கூப்பிட்டான். “அண்ணே, நீங்க சொன்ன மாதிரி கதவைத் திறந்துட்டேன். 1,090னு போட்டிருக்கு.”

“எந்த வண்டி?”

“ஃபுல்சைஸ்தாண்ணே. இருக்கிறதுலயே டாப் மாடல்.”

“பக்கத்துல இருக்கிறதைத் திற.”

ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே போனான். விற்பனையாளர் பின்னாலேயே வந்து ஏதோ சொல்வது போனில் கேட்டது. வரிசையின் கடைசியில் துணி சீட்டு போட்ட வெள்ளை வண்டி ஒன்று. 1,870.

“இதுல சன்ரூஃப் இல்லையேண்ணே” என்றான்.