இறுதி நூலும் வாசகர் ஏற்பும்: லெ குவினின் எர்த்சீ வரிசையை முன்வைத்து

முன்னுரை

ஒரு புனைவு வரிசையின் இறுதி நூல் தனித்து வாசிக்கப்படுவதில்லை. முந்தைய நூல்கள் வாசகர் உள்ளத்தில் வளர்த்துவிட்ட எதிர்பார்ப்பே அதற்கு அளவுகோலாகிறது. வாசகர் கொண்டுவரும் இம்முன்னறிவை ஜெர்மானியத் திறனாய்வாளர் ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் ‘எதிர்பார்ப்பு எல்லை’ என்றார். புதிய படைப்பு அவ்வெல்லையை நிறைவு செய்யலாம், மீறவும் செய்யலாம். மீறும் படைப்பின் மீது எழும் ஏமாற்றம் அப்படைப்பின் தரத்தைக் காட்டிலும் வாசகரின் எதிர்பார்ப்பையே மிகுதியாக உணர்த்தும். அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா கே. லெ குவினின் (1929–2018) எர்த்சீ வரிசை இதற்குத் தக்க சான்றாகும். அவ்வரிசைக்கு இறுதி நூல்கள் இரண்டு: இறுதி எனப் பெயரிடப்பட்டது ஒன்று, இறுதியாக அமைந்தது மற்றொன்று. இவ்விரண்டும் பெற்ற ஏற்பினை, வரிசையின் பூதக் கோட்பாட்டோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

முந்நூல் வகுத்த எல்லை

‘எ விஸர்ட் ஆஃப் எர்த்சீ’ (1968), ‘த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’ (1971), ‘த ஃபார்தெஸ்ட் ஷோர்’ (1972) ஆகிய மூன்றும் நெடுங்காலம் முற்றுப்பெற்ற முந்நூலாகவே கருதப்பட்டன. மூன்றாவது நூல் சிறார் இலக்கியத்திற்கான அமெரிக்கத் தேசிய நூல் விருதினை 1973இல் பெற்றது. தீவுக்கூட்டமாகிய எர்த்சீ உலகில் மந்திரம் என்பது பொருள்களின் மெய்ப்பெயரை அறிதலே. மெய்ப்பெயரை அறிந்தவன் காற்றைத் திருப்பலாம், கடலை அடக்கலாம். எனினும் இவ்வாற்றலுக்கு ஒரு வரம்பு உண்டு. ஓரிடத்தில் மழையை வருவித்தால் வேறோரிடத்தில் வறட்சி நேரலாம் என்று ரோக் தீவின் மந்திரப் பள்ளி கற்பிக்கிறது. பூதங்களின் சமநிலை குலையாமல் காப்பதே அறிவுடைய மந்திரவாதியின் கடமை.

நாயகன் கெட் இக்கடமையில் முதிர்ந்து, இறந்தோர் உலகில் திறக்கப்பட்ட வாயிலை அடைப்பதற்குத் தன் ஆற்றல் முழுவதையும் செலவிடுகிறான். பின்னர்ப் பறவைநாகத்தின் மீதேறி ஊர் திரும்புகிறான். வாசகர் பதினெட்டு ஆண்டுகள் நினைவில் வைத்திருந்த முடிவு இதுவே. ஆற்றலிழந்த மனிதன் அதன்பின் எவ்வாறு வாழ்ந்தான் என்பதை முந்நூல் சொல்லவில்லை.

‘தெஹானு’ எழுப்பிய எதிர்வினை

1990இல் வெளிவந்த நான்காம் நூலாகிய ‘தெஹானு’, எர்த்சீயின் கடைசி நூல் என்னும் துணைத்தலைப்பைத் தாங்கியிருந்தது. அதன் மையம் கெட் அல்லன். இரண்டாம் நூலில் சிறுமியாக வந்த தெனார். இப்போது அவள் நடுவயதுக் கைம்பெண். பண்ணை வீட்டில் வாழ்பவள். உறவினராலேயே வன்கொடுமைக்கு உள்ளாகித் தீயில் தள்ளப்பட்ட ஒரு சிறுமியை அவள் எடுத்து வளர்க்கிறாள். ஊர் திரும்பிய கெட், தன் வெறுமையை எண்ணி நாணி, அரசனின் தூதரைக் காணவும் அஞ்சி ஒளிகிறான். ஆடு மேய்க்கச் செல்கிறான்.

இந்நூல் நெபுலா விருதினைப் பெற்றது. ஆயினும் வாசகரிடையே கருத்து பிளவுண்டது. பெருமந்திரவாதியைச் சிறுமைப்படுத்திவிட்டார், பெண்ணியக் கருத்துக்காகத் தம் படைப்புலகையே மறுத்துவிட்டார் என்பன லெ குவின் மீது கூறப்பட்ட குறைகள். முந்தைய நூல்கள் வீரனை நடுவே வைக்கும் ஆண்மரபுக்குள் நின்று எழுதப்பட்டவை என்பதை அவர் 1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் விளக்கினார். ‘தெஹானு’ முந்நூலை மீண்டும் வாசிக்கச் செய்கிறது, முன்பு இயல்பாகத் தோன்றிய பால்பாகுபாட்டைப் புலப்படுத்துகிறது என்ற நோக்கில் பெரி நோடல்மன் 1995இல் ஒரு கட்டுரை எழுதினார்.

மறுப்பு என்னும் குற்றச்சாட்டை நூல்களின் அகச்சான்று கொண்டு ஆராய்தல் வேண்டும். பெண்களின் மந்திரத்தை வலுவற்றதென்றும் தீயதென்றும் இழித்துரைக்கும் பழமொழிகள் முதல் நூலிலேயே உள்ளன. ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை என்பதும் முந்நூலின் செய்தியே. ஆகவே ‘தெஹானு’ புதிய விதி எதனையும் புகுத்தவில்லை. பழைய விதியின் விலையைக் கேட்கிறது. கெட் ஆற்றலிழந்ததும் நான்காம் நூலில் அன்று, மூன்றாம் நூலில். அவ்விழப்பை வீரச்செயலாகப் போற்றிய வாசகர், அதனை அன்றாட வாழ்வாகக் காண நேர்ந்தபோது ஏற்கத் தயங்கினர்.

பூதங்களின் நிலையும் இவ்வாறே மாறுகிறது. முந்நூலில் காற்றும் நீரும் ஏவலுக்கு உட்படும் பேராற்றல்கள். ‘தெஹானு’வில் தீ, குழந்தையின் உடலைச் சிதைத்த கொடுமையாகவும் அடுப்பின் வெம்மையாகவும் வருகிறது, நிலம், ஆடு மேயும் மலைச்சரிவாகிறது. ஆளப்பட்ட பூதங்கள் இங்கே உடன் வாழப்படுகின்றன. வியப்பை நாடிய வாசகர்க்கு இது வறட்சியாகத் தோன்றியதில் விந்தையில்லை.

எனினும் எதிர்ப்பு முழுவதும் அடிப்படையற்றது எனல் தகாது. கதையின் இறுதியில் தீய மந்திரவாதியின் பிடியிலிருந்து தெனாரையும் கெட்டையும் மீட்பது, சிறுமியின் அழைப்பிற்கு வந்த பறவைநாகத்தின் நெருப்பே. ஆற்றலை ஐயுறும் நூல் தன் முடிச்சை ஆற்றலாலேயே அவிழ்க்கிறது. இந்த முரண் நூலுக்குள்ளேயே இருப்பது. வாசகர் கற்பித்துக்கொண்டது அன்று.

‘தி அதர் விண்ட்’ தந்த விடை

கடைசி நூல் என்ற துணைத்தலைப்பு பொருந்தாமற்போனதை லெ குவினே பின்னர் எழுதினார். 2001இல் ‘டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ’ என்னும் கதைத்தொகுதியும் ‘தி அதர் விண்ட்’ என்னும் நாவலும் வெளிவந்தன. பின்னது 2002ஆம் ஆண்டின் உலக மிகுபுனைவு விருதினைப் பெற்றது.

‘தெஹானு’வில் விடப்பட்ட முரணுக்கு இந்நாவல் பூதக் கோட்பாட்டின் வழியே விடை தேடுகிறது. மனிதரும் பறவைநாகங்களும் ஆதியில் ஓரினம். பிரிவினை நிகழ்ந்தபோது மனிதர் நிலத்தையும் நீரையும் தேர்ந்து உடைமையை ஏற்றனர். பறவைநாகங்கள் தீயையும் காற்றையும் தேர்ந்து விடுதலையை ஏற்றன. தமிழ் மரபு ஐம்பூதங்களின் கலப்பாக உலகைக் காண, இங்கு மேலைநாட்டு மரபின் நான்கு பூதங்கள் இரு கூறாகப் பிரிந்து நிற்கின்றன. பிரிவின் பின்னும் மனிதர் மறுகூற்றில் ஒரு பகுதியைக் கவர்ந்து, இறவாமைக்காக மதில் எழுப்பினர். காற்றும் நீருமற்ற இறந்தோர் உலகம் அக்களவின் விளைவே. அம்மதில் இடிக்கப்பட, இறந்தோர் விடுதலை பெறுகின்றனர். தீயில் வெந்த சிறுமி தெஹானு பறவைநாகமாகிக் காற்றில் எழுகிறாள். முன்பு புறத்தேயிருந்து வந்த மீட்பாகத் தோன்றிய நெருப்பு, அவளது இயல்பே என்பது இங்குத் தெளிவாகிறது.

இம்முடிவும் ஒரு வினாவை விட்டுச்செல்கிறது. மூன்றாம் நூலில் இறந்தோர் உலகம் ஏற்கப்பட வேண்டிய இயற்கையாகக் காட்டப்பட்டது. இறுதி நாவலில் அதுவே மனிதப் பிழையாகிறது. கெட் தன் ஆற்றலைக் கொடுத்துக் காத்த ஒழுங்கு காக்கத்தக்கதுதானா என்று வாசகர் கேட்க இடமுண்டு. வாயிலை அடைத்தது உயிருள்ளோரைக் காத்தது. மதிலை இடித்தது இறந்தோரை விடுவித்தது. இரண்டும் வெவ்வேறு கடன்கள் எனக் கொள்ளின் முரண் தணியும், முற்றும் நீங்காது.

முடிவுரை

எர்த்சீ வாசகரின் பிளவு நூலின் தரம் பற்றியது மட்டுமன்று. முடிவு என்பது எதைச் செய்யவேண்டும் என்பது பற்றியது. ஒரு சாரார், இறுதி நூல் முன்னர்க் கட்டிய உலகை உறுதி செய்தல் வேண்டும் என எதிர்பார்த்தனர். மறுசாரார், அவ்வுலகம் மறைத்ததை அது வெளிப்படுத்துதல் வேண்டும் என்றனர். சமநிலை என்னும் கருத்தை வாசகர்க்குக் கற்பித்ததே முந்நூல்தான். அச்சமநிலையைத் தன் மீதே செலுத்திப் பார்த்த வரிசை தன் நாயகனையும் தன் ஒழுங்கையும் கணக்கில் வைக்க நேர்ந்தது. வாசகரின் ஏமாற்றம் அக்கணக்கில் ஒரு பகுதி. வரிசைப் புனைவுகளை ஆய்வோர் அதனைப் புறந்தள்ளாது, படைப்பு தொட்ட எல்லையைக் காட்டும் சான்றாகக் கொள்ளுதல் தகும்.