கீறலைத் தேய்க்கும் முன் கல்லைப் பாருங்கள்

வாஷ்பேசின் மேடையில் கீறல் விழுந்துவிட்டால் பல வீடுகளில் உடனே வெளியே வருவது ஆசிட் பாட்டில், இல்லையென்றால் உப்புத்தாள். கல் எது என்று தெரியாமல் இரண்டில் எதைத் தொட்டாலும் மேடை பாழாகும், உடம்புக்கும் கேடு.

முதலில் சோதனை

கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் அது ஆழமான கீறல். மாட்டாமல் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் பெரும்பாலும் வாளியோ குழாய்ச் சாவியோ உரசிய உலோகத் தடம்தான். சமையல் சோடாவை நீரில் குழைத்து மென்மையான துணியால் தேய்த்தாலே குறையும். மார்பிளில் மட்டும் மெதுவாகத் தேய்க்க வேண்டும்.

அடுத்து, கண்ணில் படாத மூலையில் ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் மங்கினால் மார்பிள். அதில் இருப்பது கால்சியம் கார்பனேட். எந்த அமிலமும் அதை அரிக்கும். கிரானைட்டும் குவார்ட்ஸும் மங்காது.

எதை நாமே செய்யலாம்?

மார்பிளில் விழுந்த மெல்லிய கீறலை வீட்டிலேயே சரிசெய்யலாம். கல்லை நனைத்து 800, 1500, 3000 நம்பர் வாட்டர் பேப்பரால் வரிசையாகத் தேயுங்கள். ஒவ்வொரு நம்பருக்கும் இடையே சேற்றைக் கழுவிவிடுங்கள். கடைசியில் மார்பிள் பாலிஷ் பவுடர் போட்டால் பளபளப்பு திரும்பும். கிரானைட், குவார்ட்ஸ் இரண்டிலும் ஆழமான கீறல் என்றால் வைரப் பேடு வைத்திருக்கும் பாலிஷ்காரரைக் கூப்பிடுவதே நல்லது.

எதற்கு அஞ்ச வேண்டும்?

குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா 90 சதவீதத்துக்கு மேல்கூட இருக்கும். கிரானைட்டிலும் கணிசமாக உண்டு. மேடையாக இருக்கும்வரை ஆபத்தில்லை. மெஷின் வைத்து உலர்வாக அறுத்தாலோ தேய்த்தாலோ கிளம்பும் நுண்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் தரும். அந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. இதனால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் குவார்ட்ஸ் போன்ற செயற்கைக் கல் மேடைகளைத் தயாரிக்கவும் விற்கவும் பொருத்தவும் தடை விதித்தது. முகத்தில் கட்டும் கைக்குட்டை இந்தத் தூசியைத் தடுக்காது. தண்ணீர் விட்டே வேலை நடக்க வேண்டும். என்95 முகக்கவசமும் வேண்டும். ஈரத்தில் மின்கருவி ஓடுவதால் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உள்ள இணைப்பையே பயன்படுத்துங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். மூச்சை அடைக்கும் குளோரின் வாயு வரும்.

உங்கள் உரிமை

புது மேடை கீறலோடு வந்தாலோ பாலிஷ் வேலை கெட்டாலோ நீங்களே தேய்க்க ஆரம்பிக்காதீர்கள், உத்தரவாதம் போய்விடலாம். பில்லையும் படங்களையும் வைத்துக்கொண்டு விற்றவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலும் பேசலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

வேலைக்கு வருபவர் உலர்ந்த கல்லில் மெஷினை வைத்தால் அங்கேயே நிறுத்தி, தண்ணீர் விடச் சொல்லுங்கள். அவருடைய நுரையீரலுக்கும் நாம் பொறுப்பு.