இசை விழாவில் உடல் நலம் பேணுதல்

சத்குரு தியாகராஜ சுவாமிகள் 1847-ஆம் ஆண்டு சித்தியடைந்த புஷ்ய பகுள பஞ்சமியையொட்டி, திருவையாற்றில் காவிரிக் கரையில் ஆண்டுதோறும் பல நாள்கள் ஆராதனை விழா நடைபெறுகின்றது. பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கேட்க வரும் அன்பர்கள் தரையில் நெடுநேரம் அமர்கின்றனர். அங்ஙனம் அமர்ந்தவர் திடீரென எழுந்தால் இரத்தம் கால்களில் தங்கித் தலைசுற்றல் உண்டாகலாம். முதியோர் கீழே விழவும் கூடும். ஆதலின் கச்சேரிகளுக்கிடையே கால்களை நீட்டி மடக்கி, மெல்ல எழுதல் வேண்டும். பனிக்காலத்தில் தாகம் தோன்றாவிடினும் அவ்வப்போது நீர் அருந்துதல் நன்று. நீரிழிவு உடையோர் உணவையும் மருந்தையும் காலந்தவறாது கொள்க. உபவாசம் இருப்பதாயின் மருத்துவரைக் கேட்டபின்னரே இருத்தல் நலம். ஒலிபெருக்கிக்கு அருகில் அமராது செவியைக் காத்திடுக. உடல் தளராதிருந்தால்தான் உள்ளம் நாதத்தில் ஒன்றும். உடம்பைப் பேணி, நிறைவு நாள்வரை இசையமுதம் பருகித் திருவருள் பெறுவோமாக.